கடைக்கு மேல் வீடு: ஒரு மழைக்காலம் காத்திருந்து கட்டுங்கள்

கேள்வி: இங்கே மியான்மரில், பெகு நகரின் ஓரத்தில் 25 அடிக்கு 50 அடி மனை வாங்கியிருக்கிறோம். முன்பு நெல் வயலாக இருந்த இடம். சென்ற ஆண்டு 4 அடி உயரத்துக்குச் செம்மண் கொட்டி மேடாக்கினோம். கீழே மளிகைக் கடை, மேலே வீடு என்பது திட்டம். கடையின் முன்புறம் முழுவதும் திறப்பாக இருக்க வேண்டும். 9 அங்குலத் தூண் போதும், சுவருக்குள் மறைந்துவிடும் என்று மேஸ்திரி சொல்கிறார். கலவை 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி). மணல் சிட்டாங் ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதாம். காரைக்குடியில் என் மைத்துனர் வீட்டில் இருப்பது போல மொட்டை மாடி வைக்க ஆசை. பங்குனியில் தொடங்கி, மழைக்கு முன் மேல்தளம் வரை கான்கிரீட் போட்டுவிட்டால் தையில் குடிபுகலாம் என்கிறார்கள். சென்ற ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு என் தாயார் மாடி வீடே வேண்டாம் என்று அஞ்சுகிறார். பிள்ளைகள் காலம் வரை நிற்கும்படி கட்ட என்ன செய்ய வேண்டும்? — ஒரு வாசகர், பெகு

அன்புள்ள ஐயா,

தங்கள் கடிதத்தையும் அதனுடன் இருந்த கைவரைபடத்தையும் இரண்டு முறை பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மழைக்கு முன் அஸ்திவாரத்தையும், தூண்களை அடியில் பிணைக்கும் அடித்தளப் பீமையும் மட்டும் முடித்து, வேலையை நிறுத்துங்கள். தூண்களை ஐப்பசிக் கடைசியில் மழை ஓய்ந்த பிறகு எழுப்புங்கள். குடிபுகும் நாளைத் தையிலிருந்து அதற்கடுத்த சித்திரைக்குத் தள்ளிவையுங்கள். தங்கள் தாயாரிடம், முறையாகக் கட்டினால் மாடி வீட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் இப்போது வரைந்திருக்கும்படியே கட்டுவதாக இருந்தால், அவர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

பெகு எங்கே இருக்கிறது என்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. நாட்டை வடக்கு தெற்காகப் பிளந்து செல்லும் சகாயிங் பிளவு உங்கள் ஊருக்கு அருகிலேயே ஓடுகிறது. அதன் இருபுறமும் உள்ள நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வீதம் ஒன்றையொன்று உரசி நகரப் பார்க்கிறது. நகர முடியாமல் சேர்த்துவைத்த விசை ஒருநாள் விடுபடும்போது நிலம் குலுங்குகிறது. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் நேர்ந்த நடுக்கத்தில் அந்தப் பிளவு 400 கிலோமீட்டருக்கு மேல் முறிந்தது. ஆனால் அந்த முறிவு உங்கள் ஊருக்கு வடக்கிலேயே நின்றுவிட்டது. பெகுவை ஒட்டிய பகுதி பெரிதாக முறிந்தது 1930 மே 5 அன்று. அன்று இடிந்து விழுந்த ஷ்வேமோடோ பகோடாவை மீண்டும் கட்டி முடிக்க 1954 ஆயிற்று என்பது உங்கள் ஊரில் பெரியவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. அடுத்தது எப்போது என்று யாராலும் நாள் குறிக்க இயலாது. ஆகவே, நீங்கள் கட்டும் வீடு அதன் ஆயுளில் ஒருமுறையாவது பலமாகக் குலுக்கப்படும் என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு கம்பியையும் கட்ட வேண்டும்.

சென்ற ஆண்டு ஏப்ரலில் பியின்மனாவில் ஒரு இரண்டடுக்கு வீட்டைப் பார்வையிட அழைத்தார்கள். அதுவும் கடைக்கு மேல் வீடுதான். மேல்மாடியின் சுவர்களில் ஓரிரு விரிசல்களைத் தவிர வேறு சேதமில்லை. ஆனால் முழு மாடியும் கடையின் மேல் உட்கார்ந்திருந்தது. முன்புறத் தூண் ஒன்றின் தலைப்பகுதி நொறுங்கியிருந்த இடத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். நெடுங்கம்பிகள் நான்கும் குடைக்கம்பிகளைப் போல வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. அவற்றைச் சுற்றிக் கட்டிய ரிங், 6 மில்லிமீட்டர் கம்பி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே என் முழங்கை அளவு தூரம் இருந்தது. ஒவ்வொரு ரிங்கின் முனையும் செங்கோணத்தில், ‘ட’ எழுத்தைப் போல மடிக்கப்பட்டிருந்ததால், மேலே மூடியிருந்த கான்கிரீட் உதிர்ந்தவுடன் அத்தனை ரிங்குகளும் வாயைத் திறந்துவிட்டன. உடைந்த கான்கிரீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அது மோசமானதல்ல. நெடுங்கம்பியின் கனத்திலும் குறையில்லை. ரிங்கின் முனையை இன்னும் ஒரு வளைப்பு உள்ளே வளைத்திருந்தால் அந்தத் தூண் நின்றிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

ஆகையால் மேஸ்திரியிடம் நீங்கள் முதலில் பேச வேண்டியது ரிங்கைப் பற்றித்தான். ரிங்கின் இரு முனைகளும் 135 பாகைக்கு, அதாவது தூணின் நடுவயிற்றை நோக்கி உள்ளே திரும்பும்படி மடிக்கப்பட்டு, மடிப்புக்குப் பிறகு 3 அங்குலம் நீண்டிருக்க வேண்டும். ரிங்குக்கு 10 மில்லிமீட்டர் கம்பி போடுங்கள். ஒவ்வொரு தூணின் அடியிலும் தலையிலும் 20 அங்குல உயரத்துக்கு 4 அங்குலத்துக்கு ஒன்றும், நடுப்பகுதியில் 6 அங்குலத்துக்கு ஒன்றும் வர வேண்டும். பீமும் தூணும் சந்திக்கும் இடத்தில், கை நுழையாது என்ற காரணத்தைச் சொல்லி ரிங்கை விட்டுவிடுவது நம் ஊர்களில் எங்கும் உள்ள வழக்கம். அந்தச் சந்திப்புதான் வீட்டின் கழுத்து. அங்கே ரிங் இல்லாமல் கான்கிரீட் ஊற்ற விடாதீர்கள். நெடுங்கம்பிகளை ஒட்டுப்போடும் இடமும் தளத்துக்கு நேர்மேலே வரக் கூடாது. தூணின் நடு உயரத்தில் வர வேண்டும். நான்கு கம்பிகளையும் ஒரே மட்டத்தில் ஒட்டாமல் மாற்றி மாற்றி ஒட்டுவது இன்னும் நல்லது.

9 அங்குலத் தூணை நான் ஏற்க மாட்டேன். அதில் இருபுறமும் ஒன்றரை அங்குலக் கவரும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) ரிங்கின் கனமும் போக உள்ளே மிஞ்சுவது 5 அங்குலத்துச் சொச்சம்தான். பீமின் கம்பிகளும் அதே இடத்துக்குள் நுழையும்போது ஜல்லி இறங்க வழியில்லாமல் போய், உள்ளே தேன்கூட்டைப் போலப் பொந்து விழுகிறது. 12 அங்குலச் சதுரம் வையுங்கள். சுவரிலிருந்து 3 அங்குலம் வெளியே துருத்தும் என்பது உண்மை. கடையில் அந்த இடைவெளிகளில் அலமாரி பொருத்திக்கொள்ளலாம்.

முன்புறத் திறப்பைப் பற்றி. மூன்று பக்கம் செங்கல் சுவரும் ஒரு பக்கம் வெறும் ஷட்டருமாக இருக்கும் கீழ்த்தளம், குலுங்கும்போது திறந்த பக்கமாகத் திருகிக்கொள்கிறது. மேலே அறைச் சுவர்கள் நிறைந்து விறைப்பாகவும், கீழே தூண்கள் மட்டும் நின்று தளர்வாகவும் இருந்தால், மொத்த அசைவும் கடைத்தளத்திலேயே வந்து விழுகிறது. பியின்மனாவில் நடந்தது அதுதான். கடையை முழுவதும் மூடச் சொல்லி உங்கள் பிழைப்பைக் கெடுக்க மாட்டேன். முன்புறத்தின் இரு மூலைகளிலும், முகப்பின் வாக்கிலேயே, 3 அடி அகலத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒவ்வொன்று எழுப்புங்கள். அவை அஸ்திவாரத்திலிருந்து மேல்மாடியின் தலை வரை இடைவெட்டில்லாமல் போக வேண்டும். உங்கள் 20 அடி முகப்பில் அதன் பிறகும் 14 அடி திறப்பு மிஞ்சும். மளிகைக் கடைக்கு அது தாராளம். இந்தச் சுவர்களின் கம்பிக் கணக்கை மட்டும் கட்டாயம் ஒரு பொறியாளரைக் கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். இது மேஸ்திரியின் அனுபவத்தில் அடங்கும் வேலையல்ல.

இனி நிலத்துக்கு வருகிறேன். வயலில் கொட்டிய 4 அடி மண்ணின் மேல் எதையும் உட்கார வைக்க முடியாது. அரை அடி அரை அடியாகப் பரப்பி, நனைத்து, இடித்து நிரப்பியிருந்தால் தரைக்காவது உதவும்; லாரியிலிருந்து அப்படியே சாய்த்திருந்தால் அது இன்னும் இரண்டு மழைக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே ஃபுட்டிங், அதாவது தூணின் அடியில் அகன்று நிற்கும் கான்கிரீட் பாதம், அந்த மண்ணைக் கடந்து, பழைய வயலின் கருஞ்சேற்றையும் கடந்து, கெட்டியான இயற்கை மண்ணில் நிற்க வேண்டும். உடனே செய்ய வேண்டியது, மனையின் நடுவில் ஆள் இறங்கும் அளவுக்கு 10 அடி ஆழத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டுவது. பக்கங்கள் சரியாமல் பலகை கொடுத்துத் தோண்டச் சொல்லுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் சுலபமாகப் பதியாத களிமண் தென்பட்டால், தனித்தனி ஃபுட்டிங் வைத்து, அத்தனையையும் இரு திசைகளிலும் பீமால் பிணைத்தால் போதும். தண்ணீர் ஊறும் நுண்மணல் தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். அத்தகைய மணல் குலுங்கும்போது கூழாகிவிடும். அங்கே முழு மனைக்கும் ஒரே பலகையாக ராஃப்ட் அஸ்திவாரம் போட வேண்டியிருக்கலாம். அதைக் குழியைப் பார்க்காமல் இங்கிருந்து சொல்ல என்னால் இயலாது.

இங்கேதான் மழைக்காலம் உங்களுக்கு உதவியாக வருகிறது. பெகுவில் ஆண்டுக்கு 100 அங்குலத்துக்கு மேல் பெய்யும் மழையில் ஏறக்குறைய முழுவதும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் கொட்டித் தீர்க்கிறது. பங்குனி, சித்திரையில் நிலத்தடி நீர் அடியில் கிடக்கும்போது குழி வெட்டி, கான்கிரீட் போட்டு, அடித்தளப் பீம் வரை முடித்து மண்ணால் மூடிவிட்டால், ஐந்து மாத மழை அந்த மண்ணைச் செலவில்லாமல் இறுக்கிக் கொடுக்கும். எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, தெருவிலிருந்து எவ்வளவு உயரம் வரை ஏறுகிறது என்பதை நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்; கடையின் தரைமட்டத்தை அதற்குப் பிறகு முடிவு செய்வதே சரி. மாறாக, மேஸ்திரி சொல்வது போல ஏழெட்டு வாரத்தில் மேல்தளம் வரை ஓட்டினால், கடைசித் தளத்தை முதல் மழையின் கீழே ஊற்றி, முட்டுகளைப் பதினான்கு நாளுக்கு முன்பே பிடுங்கும்படி ஆகும். அவசரத்தில் குறுக்கப்படுவது எப்போதும் கண்ணுக்குத் தெரியாத வேலைதான்.

நிறுத்திவைக்கும்போது தூண்களுக்காக நீட்டிவிட்ட கம்பிகள் மழையில் நனையுமே என்று கேட்பீர்கள். சிமெண்டைத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்து, தூரிகையால் இரண்டு முறை பூசிவிடுங்கள். ஐப்பசியில் கம்பித் தூரிகையால் தேய்த்து, உதிரும் துருவை நீக்கிவிட்டு மேலே கட்டலாம். கம்பியின் மேல் படியும் மெல்லிய செந்நிறத்தால் கேடில்லை. பொருக்காக உரிந்து வரும் துருவை விட்டுவைக்கக் கூடாது. ஆட்கள் மேலே இடறுகிறது என்று அந்தக் கம்பிகளை வளைத்துவிட்டுப் பிறகு நிமிர்த்த மட்டும் இடங்கொடுக்காதீர்கள்.

மணலைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தாலும், வீட்டின் ஆயுள் அதில் இருக்கிறது. சிட்டாங்கின் கீழ்ப்பகுதி மார்த்தபான் வளைகுடாவின் ஓதம் ஏறி இறங்கும் இடம்; அந்த மணலில் உப்பு இருக்கும். கான்கிரீட்டுக்குள் சிமெண்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு காப்புத் தோலை உண்டாக்கி வைத்திருக்கிறது. உப்பு அந்தத் தோலை அரித்துவிடும். பிறகு உருவாகும் துரு, அது தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொண்டு, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. பத்து ஆண்டு வரை ஒன்றும் தெரியாது. பிறகு சன்ஷேடின் அடியில் பழுப்புக் கோடு விழும், ஒருநாள் பூச்சு பாளமாக இறங்கும். ஆகவே ஓதம் எட்டாத மேலாற்று மணலையே கேளுங்கள். லாரி வந்ததும் கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் முக்கால் வரை தண்ணீரும் விட்டு, நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் படியும் சேற்றுப் படலம் மணலின் உயரத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அந்த மணலைக் கழுவாமல் சேர்க்கக் கூடாது. உப்பைக் கண்டுபிடிக்க, மணல் ஊறிய தெளிந்த நீரில் சில்வர் நைட்ரேட் கரைசல் இரண்டு சொட்டு விட்டால் போதும். பாலாகத் திரிந்தால் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் தெரிந்த ஆசிரியர் யாரேனும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஜல்லிக்கு உடைத்த கருங்கல்லையே வாங்குங்கள். செங்கல் துண்டும் செம்பாறையும் தரைக்கு அடியில் பரப்ப ஆகும், தூணுக்கும் பீமுக்கும் ஆகாது.

கலவையை 1:1½:3 ஆக்குங்கள். 12 அங்குல நீள அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள மரப்பெட்டி ஒன்று செய்து, அதால் அளக்கச் சொல்லுங்கள். கூடைக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இதைவிடப் பெரிய காரியம் தண்ணீர். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. ஈர மணலே நாலைந்து லிட்டரைக் கொண்டு வருவதால், வாளியில் ஊற்றுவது 20 லிட்டரைச் சுற்றியே இருக்க வேண்டும். அதற்கு மேல் 5 லிட்டர் கூடினால் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதோடு, தண்ணீர் ஆவியாகிப் போன வழிகளெல்லாம் நுண்துளைகளாக நின்று மழையை உள்ளே விடும். கலவை இறுகலாக இருக்கிறது, தள்ள முடியவில்லை என்று ஆட்கள் சொல்வார்கள்; அவர்கள் சொல்வது பொய்யல்ல, சிரமமான வேலைதான். அதற்குப் பரிகாரம், கலவையை அதிர்த்து இறக்கும் வைப்ரேட்டர். வாடகைக்கு எடுங்கள், மின்சாரம் நின்றால் ஓட்டப் பெட்ரோல் இயந்திரத்தோடு எடுங்கள். கான்கிரீட் ஊற்றும் நாளில் தண்ணீர் வாளியின் அருகே வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்பதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

கவர் பிளாக்குகளைச் சிமெண்ட் சாந்தில் முன்கூட்டியே வார்த்து, ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். ஃபுட்டிங்குக்கு 3 அங்குலம், தூணுக்கும் பீமுக்கும் ஒன்றரை, தளத்துக்கு முக்கால், மழை அடிக்கும் சன்ஷேடுக்கு ஓர் அங்குலம். மரத்துண்டோ செங்கல் சில்லோ வைத்தால் அதன் வழியே ஈரம் நேராகக் கம்பியைப் போய்ச் சேரும். சித்திரை வெயிலில் ஃபுட்டிங் போடும்போது விடியற்காலையில் தொடங்கி, மேற்பரப்பின் மினுமினுப்பு மறைந்தவுடன் ஈரச் சாக்கால் மூடிவிடுங்கள். பத்து நாள் அந்தச் சாக்கு காயக் கூடாது. பம்பு ஓடாத நாளுக்கு இரண்டு பீப்பாய்த் தண்ணீர் சேர்த்துவையுங்கள்.

மொட்டை மாடி ஆசையை நான் அறிவேன். என் பாட்டனார் வீடும் அந்தச் சீமையில்தான் இருந்தது. ஆனால் காரைக்குடி மழை வேறு, பெகு மழை வேறு. இங்கே ஐந்து மாதம் நனைந்தே கிடக்கும் தளம், ஒரு நூல் விரிசல் விழுந்தாலும் ஒழுகத் தொடங்கிவிடும். அதைவிட, உங்கள் 20 அடிக்கு 36 அடி வீட்டின் உச்சியில் நாலரை அங்குலத் தளம் போட்டால் அது மட்டும் ஏறத்தாழ 18 டன். நிலம் குலுங்கும்போது வீட்டைத் தள்ளும் விசை எடைக்கு ஏற்பவே வருகிறது. அந்த எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குத் தூண்களின் பாடு கூடுகிறது. எனவே மேல்மாடித் தூண்களின் தலையைச் சுற்றிலும் பீமால் பிணைத்து, அதன் மேல் இரும்புச் சட்டமும் வண்ணத் தகரமும் போடுங்கள். சட்டத்தின் கால்களைப் பீமுக்குள் முன்பே புதைத்த போல்ட்டுகளில் முடுக்க வேண்டும். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் கூரைகள் பறந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். தண்ணீர்த் தொட்டியையும் மேலே ஏற்றாதீர்கள்: 400 கேலன் என்றால் 4,000 பவுண்டு. வீட்டின் பின்புறம் தனிக் கோபுரத்தில் நிற்கட்டும். வற்றல் காயவைக்கவும் மாலையில் காற்றாடவும் மேல்மாடியின் முன்புறத்தில் தூண்களுக்கு உள்ளடங்கிய ஒரு திறந்த தாழ்வாரம் விட்டுக்கொள்ளுங்கள். தாயாருக்கு மொட்டை மாடிக்குப் படியேறாமல் வந்து உட்காரவும் அது வசதி.

செலவு கூடுமே என்றால், கூடும். தூணின் அளவும் ரிங்கும் சிமெண்டும் ஏறும். மேல்தளத்தைக் கைவிடுவதால் வரும் மிச்சம் அதில் நல்ல பகுதியை ஈடுகட்டும். அப்படியும் கை கடித்தால், டைல்ஸையும் உட்பூச்சின் மெருகையும் அடுத்த ஆண்டுக்கு விடுங்கள். அவற்றைக் குடியிருந்துகொண்டே செய்யலாம். ரிங்கைப் பிறகு சேர்க்க வழியில்லை.

சோதனைக் குழி வெட்டியதும், ஒவ்வொரு இரண்டடிக்கும் ஒரு பிடி மண் எடுத்து, ஆழத்தை எழுதித் தனித்தனிப் பையில் கட்டி, குழியின் படத்தோடு எனக்கு அனுப்புங்கள். ஐப்பசியில் முதல் தூணுக்கு ரிங் கட்டி முடித்தவுடன், கான்கிரீட் ஊற்ற அச்சாக நிற்கும் செண்ட்ரிங் பலகை அடைக்கும் முன், அடியிலும் தலையிலும் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்து நான் பதில் எழுதும் வரை பலகை அடைக்க வேண்டாம்.